முனியப்பனுக்குப் போன மரங்கள்

மூக்கண்டப்பள்ளித் தொழிற்சாலைகளின் பின்புறத்தில் இருந்த பெட்டிப் பட்டறைக்கு ஆணி அடிக்கும் கூலியாளாக வந்தவள் முனிலட்சுமி. முதலாளி தொழிலை விட்டு விலகியபோது, அவளே அதை எடுத்து நடத்தத் தொடங்கினாள். வண்டி உதிரிபாகங்களை அனுப்புவதற்கான மரப்பெட்டிகளும், அவற்றை அடுக்கும் பேலட் என்னும் மரத்தட்டுகளும் அங்கே உருவாயின. பெட்டி செய்வது அவளுக்கு ஒரு பொருட்டே அன்று. மரம் கிடைப்பதுதான் பெரும்பாடு.

கர்நாடகப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த தைலமர லோடு ஆண்டுக்காண்டு சுருங்கியது. கடல் கடந்து வரும் பைன் பலகையோ நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. பெட்டி தாமதமாகும் ஒவ்வொரு முறையும், பெட்டி வாங்கும் தொழிற்சாலையின் கொள்முதல் அதிகாரி நிர்மலா மென்மையாகவே எச்சரிப்பாள்: இப்படியே போனால் பிளாஸ்டிக்குக்கு மாறிவிடுவார்களாம். மாறினால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

ஆகவே, காட்டோரத்து நாட்றாம்பாளையத்தில் தன் பங்காக வந்த மேட்டு நிலத்தில் முனிலட்சுமி மலைவேம்பு நட்டாள். ஆறேழு ஆண்டுகள் நின்றால் பலகைக்கு ஆகும். பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தம்பி திம்மப்பனிடம் விட்டாள். அங்கேதான் தவறு நேர்ந்தது.

திம்மப்பன் சோம்பேறி அல்லன். தண்ணீர் விட்டான், களை எடுத்தான். ஆனால் தக்காளி விலை ஏறிய பருவத்தில், செடிகளைத் தாங்கக் கொம்பு கிடைக்காமல் அலைந்தவன், இரண்டாண்டுக் கன்றுகளை வெட்டித் தன் தோட்டத்தில் ஊன்றிவிட்டான். அவள் போய்க் கத்தினாள். அவன் தலையைச் சொறிந்தபடி, மறுபடி தழையும் என்றான். தழைத்தது. அடுத்த விலையேற்றத்தில் அதையும் வெட்டினான். அந்த வட்டாரத்தில் அவன் மட்டுமா? மரம் நட்ட அத்தனை பேரும் தக்காளி விலையைப் பார்த்துத்தான் அரிவாளை எடுத்தார்கள். மரத்திற்கு வேண்டியது பொறுமை ஒன்றுதான். அது மட்டும் எவரிடமும் இல்லை என்று முனிலட்சுமி பட்டறையில் எல்லோரிடமும் புலம்பினாள்.

மீண்டும் தளிர்த்தபோது அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. காட்டு யானைக்குக்கூட அஞ்சாத திம்மப்பன், முனியப்பனுக்கு நடுங்குவான். சாமிக்கு விட்ட மரத்தில் மஞ்சள் துணி கட்டுவது அவ்வூர் வழக்கம்; பிறகு எவரும் அதில் கை வைக்கமாட்டார்கள். முனிலட்சுமி ஒரு நாள் முழுக்க மரம் மரமாக மஞ்சள் துணி கட்டி, தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். அதன்பின் தக்காளி எத்தனை முறை விலையேறியும் ஒரு கிளைகூட முறியவில்லை. மரங்கள் மளமளவென்று உயர்ந்தன.

பலகைக்கு ஆகும் பருவத்தில், வெட்டும் ஆட்களோடு போனாள். திம்மப்பன் வரப்பில் குறுக்கே நின்றான்.

“சாமி மரத்துல கத்தி வெக்கக் கூடாதுக்கா.”

“நட்டவ நான்டா. உன்னைத் தடுக்கத்தான் துணி கட்டுனேன்.”

“அது உனக்குத் தெரியும். முனியப்பனுக்குத் தெரியுமா?”

வெட்ட வந்த ஆட்கள் அதற்குள் கோடரிகளை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கடைசியில் முனியப்பன் கோயிலில் பூப் போட்டுக் கேட்பதென்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் வெட்டலாம். சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி மடித்து வைத்த பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. இன்னொரு முறை கேட்கலாமே என்று அவள் கெஞ்சியதற்கு, சாமியிடம் பேரம் பேசுவதா என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

பட்டறை மூடப்படவில்லை. கிடைத்த பைனை வைத்து, பாதி ஆர்டரை மட்டும் செய்து தந்தாள். மறுபாதி பிளாஸ்டிக்குக்குப் போயிற்று. அடுத்த தக்காளிப் பருவத்தில் திம்மப்பன் ஒரு மினி லாரியோடு பட்டறை வாசலில் வந்து நின்றான்.

“உடைஞ்ச பைன் கட்டை கெடக்குதாக்கா? கொம்புக்கு வேணும். எங்க பக்கம் வெட்றதுக்கு ஒரு மரம் இல்லே.”

எந்த நாட்டிலோ வளர்ந்து, கப்பலேறி வந்த மரம், காட்டோரத்து ஊரில் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்கப் போகிறது! முனிலட்சுமிக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. கட்டைகளை ஏற்றச் சொன்னாள். அவற்றின் மேல், மீதி மேட்டில் நடுவதற்காக வாங்கி வைத்திருந்த மலைவேம்புக் கன்றுகளையும் ஏற்றினாள். இவற்றில் துணி கட்டப்போவதில்லை, வெட்டமாட்டேன் என்று அவன் வாயால் சொன்னால் போதும் என்றாள்.

திம்மப்பன் ஒரு கன்றின் தண்டை விரலால் அளந்து பார்த்தான்.

“சொல்லிப்புடுவேன்க்கா. ஆனா தக்காளி வெல ஏறிச்சின்னா, நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது.”

முனிலட்சுமி பட்டறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பூட்டும் ஒரு சுருள் முள்கம்பியும் இருந்தன. அவற்றையும் வண்டியில் எறிந்துவிட்டு, ஓட்டுநரின் பக்கத்தில் தானே ஏறி உட்கார்ந்தாள்.