மூன்றாவது தடவை கூப்பிட்டது நான்தான்

அரக்கோணம் ஜங்ஷனில் ஒருநாள் வாய் தவறி, ஒன்றாம் பிளாட்பாரம் என்பதற்குப் பதில் நான்காம் பிளாட்பாரம் என்று அறிவித்துவிட்டேன். ஒன்றில் வந்து நின்றுவிட்ட எக்ஸ்பிரஸ் வண்டி, என் குரலுக்கு மரியாதை கொடுத்துப் பின்னாலேயே போய், தடம் மாறி, நான்காவதில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார்.

இதை நீங்கள் நம்ப வேண்டாம். என் மனைவியே நம்பியதில்லை. ஆனால் இனிமேல் சொல்லப்போவது நடந்தது. தணிகை முருகன்மேல் ஆணை. பட்டப்பகலில், மின்விசிறி ஓடுகிற அறையில், கையில் மோர் டம்ளரோடு நான் உட்கார்ந்திருந்தபோது நடந்தது.

ரயில்வேயில் அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் காணாமல் போன பிள்ளைகளைக் கூப்பிடுகிற மைக்கும் என் கையில்தான். ஊர், தாய் பெயர், பிள்ளை பெயர் என்று மூன்று தடவை கூப்பிடுவேன். இரண்டோடு நிறுத்தியதே இல்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள்: உச்சி வெயிலில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் உடனே வாய் திறக்காதே, பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும், மூன்றாவதும் கூப்பிட்டால் அது மனுஷன், அப்போது பதில் சொல். கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகள் என் மூன்றாவது குரலுக்குத்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓடிவரும்.

என் தங்கை மகள் தேவயானிக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது. திருவாலங்காடு போகிற வழியில், கரும்பு விளைந்த நிலத்தில் ஒரு பல்கலைக்கழகம் எழும்பியிருக்கிறது. புதுப் பிள்ளைகள் வகுப்பறையைத் தேடி அலைந்தே வெறுத்துப்போய், முதல் வாரத்தில் பெட்டியைக் கட்டிவிடுகிறார்களாம். அவர்களுக்காக, வழிகாட்டும் செயலியையும் விளையாட்டையும் ஒன்றாகப் பிசைந்து ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். பாதி செல்போனில், பாதி சுவர்ச் சித்திரங்களில், பாதி ஒலிபெருக்கியில். மூன்று பாதி எப்படி என்று கேட்காதீர்கள், அவ்வளவு பெரிய விளையாட்டு.

கம்பத்து ஒலிபெருக்கி ஒரு மாணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அவர் தன் போனில் 'ஆங்' என்பார். உடனே வரைபடத்தில் அவர் பெயரோடு ஒரு புள்ளி முளைக்கும். அங்கிருந்து அடுத்த சித்திரம் வரைக்கும், முன்பே பதிவு செய்து வைத்த என் குரல் வழி சொல்லிக்கொண்டே போகும். ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்றாள் தேவயானி. நான் கேட்கவில்லை. பழக்கம்.

திங்கட்கிழமை புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். அன்று இது ஓடினால் அவளுக்கு வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் இரண்டு வருட உழைப்பும் குப்பை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை ஓட்டம். வளாகத்தில் நாங்கள் இரண்டு பேர், வாசலில் காவலுக்குச் சாய்கிருஷ்ணன். அந்த ஊர்க்காரன், என் வயசுக்குக் கொஞ்சம் இளையவன். என் வாயிலிருந்து வரும் எதையும் நம்பாதவன்.

"இன்னாண்ணா, இன்னிக்கு எந்த ரயிலு பின்னாடி வந்துச்சு?" என்றுதான் கதவையே திறந்தான்.

நான் வளாக வானொலி அறையில் மைக் முன்னால். எதிரே கணினித் திரையில் வரைபடம். தேவயானி போனோடு வெளியே போய்விட்டாள். செயலி இருந்தது அந்த ஒரு போனில் மட்டும்தான். நிஜ மாணவர் பெயர் வேண்டாம், ஏதாவது ஒரு பெயரைக் கூப்பிடுங்கள், நானே பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாள். எனக்குக் குஷி. கிருத்திகைக் கூட்டத்தில் கூப்பிடுகிற மாதிரியே ஒன்றை வாயில் வந்தபடி ஜோடித்தேன்.

"மணவூர் மணியம்மை மகன் நீலமேகம்... எங்கிருந்தாலும் வரவும்."

பதில் இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டேன். காக்கைகூடக் கத்தவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் பன்னிரண்டில் ஒன்றின்மேல் ஒன்று நின்றன.

மூன்றாவது தடவை.

"ஆங்..."

வெளியே கம்பத்து ஒலிபெருக்கியில் மெல்லிய குரல். சின்னப் பிள்ளையின் குரல். தேவயானி விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். திரையில் புள்ளி முளைத்தது. நீலமேகம். இடம், நூலகம்.

அப்போதுதான் மேஜை ஸ்பீக்கரில், போனில் பேசுகிற அவள் குரல் வந்தது.

"மாமா, கூப்ட்டீங்களா? கேன்டீன்ல நிக்கறேன். நான் இன்னும் அந்த ஆப்பையே தொறக்கல."

மோர் என் வேட்டியில் கொட்டியது.

செயலி தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. என் குரலில். 'நேராக வாருங்கள்.'

"ஆங்..."

புள்ளி நகரவில்லை.

'இடப்பக்கம் திரும்புங்கள்.'

"ஆங்..."

நகரவில்லை. 'பாதை தவறிவிட்டீர்கள். மீண்டும் முயலுங்கள்.' ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிள்ளை பணிவாகப் பதில் சொன்னது. ஆனால் அடி எடுத்து வைக்க முடியவில்லை...

நான் தேவயானியைப் போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் செயலியைத் திறந்தாள். அவள் புள்ளியும் முளைத்தது. கோளாறைப் பார்த்துவிடலாம் என்று நூலகத்துக்கு நடந்தாள். இரண்டு புள்ளிகளும் நெருங்கின.

நெருங்கின...

ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன.

"இங்க யாருமே இல்ல மாமா."

"ஆங்..."

இந்தத் தடவை ஒலிபெருக்கியில் இல்லை. அவள் போன் வழியாக, அவள் நின்ற இடத்திலிருந்தே கேட்டது. அவளுக்கும் கேட்டுவிட்டது. மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள்.

"மாமா... காலுக்குக் கீழ இருந்து வருது."

போன் விழுந்தது. அவள் ஓடிவந்தாள். என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

நீலமேகத்தின் புள்ளி அங்கேயே நின்றது.

அன்று சாயந்திரமே தேவயானி அந்தச் செயலியைத் தன் கையாலேயே அழித்தாள். வேலையும் போயிற்று. அவளுக்கு அதில் வருத்தமில்லை. வரைபடத்தில் முன்னே, பின்னே, இடம், வலம் எல்லாம் வைத்தேன், மேலே ஏறுவதற்கு வழி வைக்கவில்லையே மாமா என்பதுதான் அவள் வருத்தம். தரையை உடைத்துப் பார்க்கச் சொல்லி நிர்வாகத்திடம் கெஞ்சினோம். ஒரு கிழவன் பேச்சைக் கேட்டுப் புதுப் பளிங்குக் கல்லைப் பெயர்ப்பார்களா? ஒலிபெருக்கிகளை மட்டும் இறக்கினார்கள். இப்போதும் உச்சி வேளையில் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள், யாரும் கூப்பிடாமலே ஒரு 'ஆங்' கேட்பதாகச் சொல்கிறார்கள்.

அந்தப் பெயர் என் வாயில் எப்படி வந்தது? யாரும் எனக்குச் சொன்னதில்லை. இன்றுவரை தெரியாது.

சாய்கிருஷ்ணன் ஒரு மாதம் என்னைப் பார்த்தபோதெல்லாம் ஸ்பீக்கர் கோளாறு என்றான். ரயில் கதை மாதிரி இதுவும் ஒன்று என்றான். போன வாரம், சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றான்.

"அந்த லைப்ரரி எடத்துல கரும்பு நின்னுச்சுண்ணா. நடுவுல ஒரு கெணறு. அப்பறமா மண்ணு போட்டு தூத்துட்டாங்க. மணவூர்லேர்ந்து கரும்பு வெட்டுக்கு வந்த மணியம்மாவோட புள்ள நீலமேகம், என் ஜோட்டுப் பையன், உச்சி வெயில்ல காணாம பூட்டான். நானும் மணியம்மாகூட தேடிகினு போனேன். கெணத்தாண்ட நின்னு கூப்ட்டுச்சு. சத்தமில்ல. மறுபடி கூப்ட்டுச்சு. சத்தமில்ல. இங்க இல்லன்னு அந்தாண்ட பூட்டோம்."

தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ரெண்டே தபாண்ணா. மூணாவது தபா நாங்க கூப்புடலை."

உள்ளே வரச் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"நடந்துச்சுண்ணா. நீ சொன்னது அத்தினியும் நடந்துச்சு. அன்னிக்கு கேட்ல நின்னுகினு இருந்தேன். அவன் கொரலு எனக்குத் தெரியாதா."