விரிசலைச் சிவக்க வைத்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சானூரில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தபோது, சித்தூரிலிருந்து டாக்டர் மெர்சி ஞானமணியின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார். சர்ச்சுல ஆராதனை முடிஞ்சி வெளிய வந்துக்கினு இருந்தாங்க. தலை சுத்துதுன்னு பெஞ்சுல உக்காந்தாங்க, அவ்ளோதான்." வந்து நின்ற ஆட்டோவில் நான் ஏறவில்லை.

ஏர்பேடு பக்கம் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவர் புதிய பொருள்களைச் செய்வார். எவ்வளவு தாங்கும் என்று பார்க்க நான் அவற்றை எந்திரத்தில் வைத்து உடைப்பேன். பதினோரு ஆண்டுகள் இப்படியே போயின. நெருங்கிய நண்பர்கள் என்று சொல்லமாட்டேன். மதியச் சாப்பாட்டைக்கூட அவர் தனியாகத்தான் சாப்பிடுவார்.

அவரை அறியாதவர்களுக்கு அவருடைய வேலையைச் சொல்லவேண்டும். கண்ணாடி நாரையும் ரெசின் என்னும் பிசினையும் சேர்த்துச் செய்யும் பலகை லேசானது, உறுதியானது. ஆனால் உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே பளபளவென்றிருக்கும். திடீரென்று ஒருநாள் முறியும்.

"நம்ம தோலைப் பாருங்க சேகர். அடிபட்டா உள்ள சின்ன ரத்தக்குழாய் உடையுது, மேல கன்னிப்போவுது. இதுக்கும் அப்பிடி ஒண்ணு வெச்சா என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

தலைமுடியளவு மெல்லிய குழல்களில் சிவப்புச் சாயத்தை நிரப்பி அடுக்குகளுக்கு நடுவே பதித்தார். விரிசல் விழுந்தால் அங்கே குழல் உடைந்து, சாயம் கசிந்து, மேலே சிவப்பாகத் தெரியவேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் சாயம் குழலுக்குள்ளேயே உறைந்துபோனது. "இன்னொண்ணு செஞ்சிடலாம்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

அது சரியானதும் அதே பொருளில் செயற்கைக்கால் செய்தார். பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் தரம்பிரிக்கும் முனிரத்தினத்துக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை. முன்பு அணிந்திருந்த செயற்கைக்கால் லாரியில் ஏறும்போது முறிந்ததால், கீழே விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். புதிய காலைக் கொடுத்தபோது, "செவப்பு தெரிஞ்சா உடனே கழட்டிடணும், எனக்கு போன் பண்ணணும்" என்று மெர்சி சொல்லியனுப்பினார்.

மூன்று மாதம் போன் வரவில்லை. நான் வெற்றி என்று அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன். "நேர்ல ஒருதரம் பாத்துட்டு எழுதுங்க" என்று என்னையும் மண்டிக்கு அழைத்துப்போனார்.

முனிரத்தினத்தின் செயற்கைக்காலில், கணுக்காலுக்கு மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மெர்சி குனிந்து அதைப் பிரித்தார். உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது.

"எத்தினி நாளா?"

"பத்து நாள் இருக்கும் மேடம். சீசன் நேரம். இதைக் கழட்டிக் குடுத்துட்டா எதுல நிப்பேன்? அதான் கண்ணுல படாம சுத்திக்கினேன்."

நான் கோபமாக வாய் திறந்தேன். மெர்சி கைகாட்டித் தடுத்தார். "அவர் மேல தப்பில்ல சேகர். கழட்டுங்கன்னு சொன்னோம். மாத்திக்க என்ன குடுத்தோம்?"

முனிரத்தினத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏர்பேடு வந்தோம். அவர் கண்ணெதிரே அந்தக் காலை அறுத்தோம். விரிசல் பாதித் தடிமனைத் தாண்டியிருந்தது. முனிரத்தினம் அதைத் தடவிப் பார்த்தார்.

அதன்பின் மெர்சி யாருக்கும் ஒரு காலை மட்டும் கொடுத்தனுப்பியதில்லை. மாற்றுக்கால் ஒன்றும் கூடவே போகும். அறிக்கையில் நான் எழுதிய 'வெற்றி'யை அடித்துவிட்டு, டேப் சுற்றியதை முழுவதுமாக எழுதச் சொன்னார். எழுதினேன். அன்று எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும்.

திங்களன்று சித்தூர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. சபையார் தமிழில் பாடினார்கள். தெலுங்கு மட்டுமே தெரிந்த ஆய்வுக்கூட மாணவர்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன். கடைசியாக அவர் வார்த்த பலகை இன்னும் அச்சில் இருந்தது. "செவ்வாக்கிழம உடைச்சிடலாம்" என்று வெள்ளியன்று சொல்லியிருந்தார். எந்திரத்தில் பொருத்தி அழுத்தினேன். மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. நடுவில் சிவப்பு பரவியது. இந்த நேரத்தில் பக்கத்தில் நின்று, "எழுதிக்குங்க" என்பார். சற்றுநேரம் காத்திருந்தேன். பிறகு அவருடைய நோட்டைத் திறந்து, அவர் கையெழுத்து முடிந்த வரிக்குக் கீழே, பலகை தாங்கிய அழுத்தத்தின் அளவை எழுதினேன்.

போய் வாருங்கள், மேடம்.