கனிசியஸ் வலை பொத்துகிறார்

பதினொன்று, பன்னிரண்டு என்று வாய்விட்டு எண்ணியபடி கனிசியஸ் கிழிந்த வலையின் ஓட்டைகளைப் பொத்துகிறார். குருநகரில் மற்றவர்கள் வாயில் சுருட்டோடு ஊர்ப்புதினம் கதைத்துக்கொண்டே செய்கிற வேலை இது. இவருக்குக் கதையும் எண்ணிக்கையும் ஒன்றாக ஓடாது. ஒரு வரிக்கு முடிச்சுப் போட்ட பதினெட்டு வலைக்கண். இடையில் தவறினால் வலை ஓரிடத்தில் சுருங்கிப் பை மாதிரித் தொங்கும். நண்டு பிடிக்க உதவாது.

வயது முப்பத்தாறு. எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டியிருப்பார். மனச்சிதைவு நோய் வந்து பத்து வருடம். மாதம் ஒருமுறை போடுகிற ஊசியில் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றைச் செய்கிற திறன் மட்டும் திரும்பி வரவில்லை. "உப்பும் தீப்பெட்டியும் வாங்கப் போனா, உப்பு மட்டுந்தான் என்னோடை கடைக்கு வருது," என்பார். அவர் சிரிக்க மாட்டார். சிரிப்பது நாங்கள்தான்.

இதற்குக் கிளினிக்கில் மீனாம்பிகை மிஸ் பயிற்சி கொடுக்கிறார். முதலில் மூன்று இலக்கங்களைச் சொல்லி, பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"பின்னாலை போகேக்கை முன்னாலை நிண்டது ஓடிப்போகுது மிஸ்."

மிஸ் கெட்டிக்காரி. இலக்கத்தை விட்டு மீனுக்கு மாறினார். ஓரா, திரளி, ஒட்டி. சொல்லிவிட்டு ஐந்து முடிச்சுப் போடச் சொல்வார். பிறகு மீன்களைக் கேட்பார். ஒரு மாதம்வரை ஒட்டி மட்டுமே மிஞ்சியது. இப்போது மூன்றும் நிற்கின்றன. சில நாட்களில் பின்னாலிருந்தும் வருகின்றன.

எங்கள் கரையில் ஒரு பழக்கம். வலை பொத்துகிறவரைக் கடந்துபோனால், "என்ன, ஓட்டை பெரிசோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். கேட்காதவனும் மறுமொழி சொல்லாதவனும் மரியாதை தெரியாதவர்கள். கனிசியஸ் மரியாதைக்காரர். யார் கேட்டாலும் நிமிர்ந்து, "ஓம் அண்ணை, கொஞ்சம் பெரிசுதான்," என்பார். அதோடு எண்ணிக்கை போய்விடும். அதுவரை போட்டதை வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். போன மாதம் நானும் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன். ஒரு காலைப்பொழுது வேலை வீணாகியது. நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் இரண்டு வலை கோணலாகிவிட்டதால், படகும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டி செபநாயகம் அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார். கனிசியஸுக்கு வேறு தொழில் தெரியாது. அக்கா அற்புதராணி போய்க் கெஞ்சியதில் இப்போது ஒரேயொரு வலை வந்திருக்கிறது.

"சனிக்கிழமை வந்து பாப்பன். நேரா இருந்தா மிச்ச வலையளும் தாறன். இல்லாட்டி உதோடை சரி," என்று சொல்லியனுப்பினார் சம்மாட்டி.

சொன்னபடி சனிக்கிழமை காலை வந்தார். கடைசி ஓட்டையில் கடைசி வரி ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் பழக்கதோஷத்தில், "என்ன கனிசியஸ், ஓட்டை பெரிசோ?" என்றார். வாசலில் நின்ற அற்புதராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

கனிசியஸ் நிமிரவில்லை. பொறுங்கோ என்பதுபோல் இடது உள்ளங்கையைச் சம்மாட்டியின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டிவிட்டு, "பதினாறு, பதினேழு" என்று மறுபடி நூலைப் பிடித்தார்.