படகு விளிம்புக்கு ரப்பர் வாங்கினோம்

இன்று டோல்கேட் ரப்பர் கடையில் இருந்தது நான், தலை நரைத்த என் வீட்டுக்காரர், மகன் அந்தோணி, கடைக்கார பாய்.

எங்கள் மோட்டார் படகு இடிபடாமல் இருக்க, பழைய லாரி டயரை வெட்டி விளிம்பைச் சுற்றி அடித்திருந்தோம். போன வாரம் அதிலிருந்து கம்பி நீட்டிக்கொண்டு, வலை இழுத்த இவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அதனால் புதுப் பட்டை வாங்கப் போனோம்.

பாய் இரண்டு பட்டைகளை எடுத்துப் போட்டார். அந்தோணி கெட்டியானதைத் தூக்கினான். "இத்தாம்மா ரொம்ப நாளு உழைக்கும்."

நான் இவருடைய கட்டுப்போட்ட கையைப் பிடித்து அதன்மேல் வைத்து அழுத்தினேன்.

"வலிக்குதா?"

"இல்லமே." சொல்லும்போதே முகம் சுருங்கியது.

மெத்தென்ற பட்டையில் வைத்தேன். முகம் தெளிந்தது.

"இன்னாம்மா, போட்டுக்கு வாங்குறியா, தாத்தா கைக்கு வாங்குறியா?" என்று பாய் சிரித்தார்.

"கைக்குத்தான் பாய். இதையே வெட்டு."

"புள்ள பாக்குறான், வுடுமே" என்றார் இவர். ஆனால் பஸ்ஸில் வீடு வரும்வரை என் கையை அவர்தான் விடவில்லை.

"கம்பி இல்லாத டயரு அண்ணி" என்று சொல்லி அந்தப் பழைய டயரை அடித்துக் கொடுத்தவனுக்காக மட்டும் யாரும் இங்கே சிபாரிசுக்கு வராதீர்கள். மன்னிக்க மாட்டேன், என் கொழுந்தன் சூசையை.