வலப்பக்கம் வந்தவர்

பேய், முனி, காத்து, கருப்பு என்று எதையும் நான் நம்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் "உனக்குமா கிறுக்குப் பிடிச்சிருச்சு?" என்றுதான் நீங்கள் சொல்லப்போகிறீர்கள். மலேசியாவில், மெர்போக்கிலிருந்து சுங்கை பட்டாணியில் உள்ள தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேனை ஓட்டுகிறவள் நான். அவர்களில் கலா என்று ஒருத்தி, வேனில் ஏறினால் அவளுக்கு வாய் மூடாது, இந்த வளைவில் வெள்ளைச் சேலை, அந்தப் பாலத்தில் குழந்தை அழுகை என்று. "கலா, செத்தவங்க எவனையும் இடிக்க மாட்டாங்க. உயிரோட ஓட்டுறானே, அவனுக்குப் பயப்படு" என்பேன். நான் நம்புவது கண்ணாடியை, பிரேக்கை, முன்னால் விடுகிற இடைவெளியை. இது நடக்கும்வரை, இத்தனை வருஷத்தில் என் வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான்.

அன்று காலை ஷிப்ட் முடிந்து, நல்ல மத்தியான வெயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். போக இரண்டு தடம், வர இரண்டு தடம் உள்ள பெரிய சாலை. நான் இடது தடத்தில் இருந்தேன். முன்னால் செம்பனைக் குலைகளை மலையாகக் குவித்த லோரி ஒன்று அசைந்து அசைந்து போனது. குலை எப்போது உருளும் என்று சொல்ல முடியாது, முந்திவிடலாம் என்று வலது சிக்னலைப் போட்டேன். சிக்னல் போட்டாலே வழி நம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது வழி கேட்பதுதான், கிடைத்ததா என்று நாம்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியில், நல்ல பின்னால் ஒரு காரைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் என் வழக்கப்படி, கண்ணாடிக்குத் தெரியாத மூலையைப் பார்க்கத் தோளுக்கு மேல் கழுத்தைத் திருப்பினேன்.

அங்கே ஒருவர் இருந்தார்.

பழைய மோட்டார் சைக்கிள். என் கதவுக்குச் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தார். வயதானவர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, தலையில் ஹெல்மெட் இல்லை. நேராக என் கண்ணைப் பார்த்து, இடது உள்ளங்கையை விரித்து, நில் என்று காட்டினார். நம்பினால் நம்புங்கள், அந்த வேகத்தில் அவருடைய நரைமுடி ஒன்றுகூட அசையவில்லை, சட்டை படபடக்கவில்லை. அப்போது அது உறைக்கவில்லை. ஆள் இருக்கிறார், போகக்கூடாது, அவ்வளவுதான். என் தடத்திலேயே இருந்தேன், சிக்னல் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த மூச்சுக்குள் வேனின் பின்பக்கம் வலது மூலையில் இடி விழுந்தது. வால் வீசியது, பெண்கள் அலறினார்கள். பிரேக்கை மிதிக்கக் கால் துடித்தது, மிதிக்கவில்லை. மிதித்தால் கவிழ்ந்துவிடும். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வால் அடங்கும்வரை பொறுத்து, ஓரப் புல்லில் கொண்டுபோய் நிறுத்தினேன். பக்கத்திலேயே ஆழமான வாய்க்கால். ஒரு சக்கரம்கூட அதில் இறங்கவில்லை, ஒருத்திக்கும் அடிபடவில்லை.

கண்ணாடியில் பின்னால் தெரிந்த அந்தக் கார்தான் பாய்ந்துவந்து இடித்திருந்தது, நடுத் தடுப்பில் சாய்ந்து நின்றது. அதை ஓட்டிவந்த பையன் இறங்கி ஓடிவந்தான்.

"பாக்காம வெளிய வந்துட்டீங்களேக்கா! அதனாலதான் நான் லெப்ட்ல வெட்டுனேன்!"

"தம்பி, நான் கோட்டையே தொடல லா. என் லைன்ல வந்து நீதான் இடிச்ச."

பின்னால் வண்டியை நிறுத்தி இறங்கியவர்களும், "சிக்னல் எரிஞ்சிச்சே" என்றார்கள். தப்பு என்மேல் என்றால் பெண்களை ஏற்றுகிற லைசன் போய்விடும். அதைவிட, என் பேர் போய்விடும். அந்த மோட்டார்காரராவது சாட்சி சொல்வார் என்று தேடினேன். சாலையில் எங்கேயும் இல்லை. வலது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கலாவிடம் கேட்டேன்.

"மோட்டரா? யாருமே வரலியேக்கா."

போலீஸ் நிலையத்தில் அவரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கழுத்தைத் திருப்பினேன், சரியாகப் படவில்லை, போகவில்லை என்று மட்டும் சொன்னேன். அதிகாரி என் வேனின் கேமராப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். இடி விழும்வரை வெள்ளைக் கோடு என் வலப்பக்கமே இருந்தது. "இந்த அக்கா கோட்டைத் தொடவே இல்லை. தடம் மாறியவன் நீ, தப்பு உன்னுடையது" என்று மலாயில் சொல்லி அவனுக்குச் சம்மன் கொடுத்தார். பிறகு என்னிடம், இப்படி இடித்தும் கவிழாமல் எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டார். கலா முந்திக்கொண்டு, "எங்க அக்கா அப்படித்தான்" என்றாள். நெஞ்சு நிமிர்ந்துதான் போனது.

வெளியே அந்தப் பையன் எனக்காகக் காத்திருந்தான். முகம் வெளிறியிருந்தது.

"மன்னிச்சிருங்கக்கா. நீங்க வெளிய வரல, பொய் சொல்லிட்டேன். உண்மையச் சொன்னா சிரிப்பாங்க. எனக்கு முன்னால மோட்டர்ல ஒரு தாத்தா போனாரு. அவர இடிச்சிரக் கூடாதுன்னுதான் வெட்டுனேன்."

நான் உடனே கேட்டேன், "கழுத்துவரைக்கும் பட்டன் போட்டிருந்தாரா?"

"ஆமாக்கா. கைய விரிச்சு, நில்லுன்னு காட்டுனாரு."

"பின்னால திரும்பியா காட்டுனாரு?"

"திரும்பவே இல்லக்கா. என்னப் பாத்தமாதிரிதான் உக்காந்திருந்தாரு."

அவன் எனக்குப் பின்னால் வந்தவன். அதே நொடியில் அதே மனிதர் முன்னால் இருந்த என்னையும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்படி என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். யார் கை காட்டியிருந்தாலும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தவள் நான், அந்தப் பெருமையை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்போதும் தடம் மாறுமுன் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே யாரும் இல்லை. யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும், யாரோ கையை இறக்கட்டும் என்பதுபோல, கொஞ்சம் பொறுத்துத்தான் போகிறேன்.