லாரியைப் பிடித்திருந்த கை

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்து, பிரசாதத்தை வாங்கிக்கிட்டுச் சத்தமில்லாம போற ஆளு நான். இன்னைக்கு நீங்களும் பேசுங்கன்னு பிடிச்சு உட்கார வச்சுட்டாங்க. சரி, சொல்றேன். அழ மாட்டேன், உங்களையும் அழ வைக்க மாட்டேன். நடந்ததை நடந்த மாதிரி சொல்லிடுறேன்.

நம்ம ஊரு மலேசியாவோட சேர்றதுக்கு முந்தின வருஷம், மழைக் காலம். புக்கித் தீமா மேட்டுல நான் ஓட்டின லாரி பின்பக்கமா உருண்டுச்சு. பிரேக் இல்லை. பின்னால குவாரிக்குக் கல்லுடைக்கப் போறவங்க சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஏறிக்கிட்டிருந்தாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, ரோடு முழுக்க. எத்தனை குடும்பம் இன்னைக்கு என் கையால நடுத்தெருவுக்கு வரப் போகுதோன்னு நினைச்சேன்.

அந்த மேட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். சைக்கிள்காரங்களுக்கு அங்க ஒரு பழக்கம். லோடு லாரி மெதுவாத்தானே ஏறும்? அதோட பின்பலகையை ஒரு கையால பிடிச்சுக்குவாங்க. மிதிக்க வேண்டாம், லாரியே இழுத்துட்டுப் போயிரும். டிரைவருங்களுக்கு அது ஆகவே ஆகாது. பிடிச்சவன் வழுக்கி விழுந்தா யாரு ஜெயிலுக்குப் போறது?

அதுல தினமும் என் லாரியையே பிடிக்கிற ஆளு கனி பாய். நாகூர்ப் பக்கத்து மனுஷன். கேரியர்ல பெரிய தகரப் பெட்டியைக் கட்டிக்கிட்டு, குவாரி ஆளுங்களுக்கு ரொட்டி விக்கிறவர்.

"கையை எடுங்க பாய்!"னு கத்துவேன்.

"கொஞ்ச தூரம்தான் லா அண்ணே"ம்பார்.

"நீங்க செத்தா என் தலையில விடியும்"னா, "ரோடு என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தா?"ன்னு கேட்பார். நான் பதிலுக்குக் கேட்டதை இந்த சாமி படத்துக்கு முன்னால சொல்ல முடியாது.

அன்னைக்கு சிமெண்ட் மூட்டை. பாதி மேட்டுல எஞ்சின் நின்னுபோச்சு. பிரேக்கை மிதிச்சேன், கால் தரை வரைக்கும் போச்சு. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், கிறீச்னுது, நிக்கலை. இடது பக்கம் ஆள் ஆழத்துக்கு லொங்காங் சாக்கடை, தண்ணி ரொம்பி ஓடுது. வலது பக்கம் எதிர்ல பஸ். ஒடிக்க இடமே இல்லை.

"ஆத்தா!"ன்னேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. வேற ஒண்ணும் வாயில வரலை.

டமார்னு ஒரு சத்தம். லாரி குலுங்கி நின்னுடுச்சு.

சந்தோஷப்படலைங்க. யார் மேலயோ ஏறித்தான் நின்னிருக்குன்னு நினைச்சேன். கதவைத் திறந்து இறங்கினேன். பலகையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பின்னால போனேன். சக்கரத்துக்கு அடியில சைக்கிள் மடங்கிக் கிடக்கு. தகரப் பெட்டி நசுங்கி முட்டுக் கொடுத்திருக்கு. ஈர ரோடெல்லாம் ரொட்டி. கனி பாய் லொங்காங் ஓரமா உட்கார்ந்து முழங்கையைப் பார்த்துக்கிட்டிருக்கார். தோல் உரிஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்லை. குவாரி ஆளுங்க ஓடி வந்து நாலு சக்கரத்துக்கும் கல்லு வச்சாங்க.

"எப்படி பாய்?"னு கேட்டேன்.

"பலகையில கை இருந்துச்சுல்லண்ணே? இழுத்துக்கிட்டிருந்த லாரி திடீர்னு கையைப் பின்னால தள்ளுச்சு. பிரேக் போச்சுன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. குதிச்சு சைக்கிளைக் குறுக்க தள்ளிட்டேன்."

மத்தவங்க தூறலுக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஏறிக்கிட்டிருந்தாங்க. லாரி பின்னால வர்றது அவங்களுக்குத் தெரியவே இல்லை. தொட்டுக்கிட்டிருந்த ஒரே ஆளுக்குத்தான் தெரிஞ்சுது.

இப்ப கேளுங்க. தினமும் காலையில சிராங்கூன் ரோட்டு அம்மன் வாசல்ல லாரியை நிறுத்திக் கும்பிட்டுத்தான் போவேன். அப்ப நான் வேண்டிக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. 'ஆத்தா, அந்த பாய் என் லாரியைத் தொடக்கூடாது.' மாசக் கணக்கா வேண்டினேன். அவ காதுலயே போட்டுக்கலை. இவ்வளவு கும்பிட்டும் இந்தச் சின்ன விஷயத்தைக் கூடச் செய்ய மாட்டேங்கிறியேன்னு கோவிச்சுக்கிட்டேன் கூட. அன்னைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போயி ஒண்ணுமே கேட்கலை. கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னேன்.

பாய்கிட்ட, "எங்க ஆத்தாதான் உங்களைப் பிடிச்சு வச்சிருந்தா"ன்னு சொன்னேன். "நான் கூப்பிட்டது அல்லாவைண்ணே"ன்னார். அந்த வழக்கு இன்னும் தீரலை. தீராட்டியும் பரவாயில்லை.

லாரி முதலாளி தௌக்கேகிட்ட சண்டை போட்டு பாய்க்கு வேற சைக்கிள் வாங்கிக் கொடுக்க வச்சேன், பிரேக்கையும் மாத்த வச்சேன். அதுக்கப்புறம் மேட்டுக்குக் கீழேயே லாரியை நிறுத்துறேன். "சைக்கிளை மேல ஏத்துங்க, நீங்களும் ஏறுங்க"ம்பேன். பின்னால காருங்க ஹார்ன் அடிக்கும். அடிக்கட்டும்.

உங்களுக்கும் கேட்டது கிடைக்காம இருக்கலாம். கோபம் வரும், எனக்கும் வந்துச்சு. ஆனா ஆத்தாவை விட்டுடாதீங்க. கொடுத்தாலும் நம்புங்க, கொடுக்காட்டியும் நம்புங்க. அந்த மேட்டுல நின்ன அத்தனை பேரும் அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாங்க.