தொப்பி கழற்றும் நேரம்

கொக்கியைத் தண்ணீர் மீட்டர் குழியின் மூடித் துளைக்குள் விடுவதற்கு முன் மூடியின் மேல் இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு மரியாதை. மூடி விலகியதும் முதலில் மீட்டரைப் பார்க்கமாட்டார். குழியின் நான்கு மூலைகளையும் பார்ப்பார். பிறகுதான் எண்களைக் கைக்கருவியில் அழுத்துவார். அப்புறம் மேல்பையிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று வெளியே வரும். வீட்டு எண்ணுக்கு நேராக ‘த’ என்று எழுதினால் குழியில் தவளை இருந்தது. கோடு போட்டால் இல்லை.

ஊருக்கு அவர் மீட்டரக்கா. பத்தொன்பது வருடமாகத் தண்ணீர் வாரியத்தில் அளவெடுக்கிறார். எந்த வீட்டு நாய்க்கு எந்தக் காதைச் சொறிந்தால் பிடிக்கும் என்பது வரை அத்துப்படி. கொக்கி தொங்கித் தொங்கி வலது தோள் சற்று இறங்கிவிட்டது. அதனால் தூரத்தில் வரும்போதே யாரென்று தெரிந்துவிடும்.

தவளை நோட்டு பயத்தில் தொடங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்று முகத்திலேயே பாய்ந்ததாம். அடுத்த முறை உஷாராக இருக்க எந்தெந்த வீடு என்று குறித்து வைத்தார். குறிக்கக் குறிக்கத்தான் வேறொன்று தெரிந்தது. முதல் நோட்டில் பன்னிரண்டாம் தெரு வரைக்கும் ‘த’ இருக்கிறது. பதினோராவது நோட்டில் ஊர் ஓரத்துச் சதுப்பு நிலத்தை ஒட்டிய நான்கு தெருக்களில் மட்டும். சதுப்பின் கரையில் லாரி லாரியாக மண் விழ விழ, தவளைகள் தெருத்தெருவாகப் பின்வாங்கியிருக்கின்றன. “நான் என்ன ஆராய்ச்சியா பண்ணேன்? குழிய எட்டிப் பாக்கறது வேல. பாத்தேன், எழுதினேன்” என்பார்.

மிச்சமிருக்கும் சதுப்பை அதன் சொந்தக்காரர்கள் அரசாங்கத்துக்கே விற்கத் தயார். வாங்கத்தான் நிதி இல்லை. இப்படிப்பட்ட நிலத்தை வாங்கவும் அங்கே வாழும் உயிர்களைப் பார்த்துக்கொள்ளவும் வருடாவருடம் வரிப்பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லும் மசோதா போன முறை இரண்டு ஓட்டில் தோற்றது. இந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அன்று அவைக்கே போகவில்லை. வயிற்றுவலி என்று செய்தி. “அந்த வயித்துக்கு மருந்து நம்ம கையிலதான் இருக்கு” என்று கிளம்பியவர் மீட்டரக்கா.

ஆனால் தொப்பி தலையில் இருக்கும்வரை மசோதாவைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. வாரியத்தின் முத்திரை போட்ட நீலத் தொப்பி. யாராவது கேட்டால், “ஆறு மணிக்கு மேல வர்றேன்” என்பதோடு சரி. சொன்னபடி வருவார். பகலில் நடந்த அதே தெருக்களில், வெறுந்தலையோடு, இன்னொரு முறை.

காரணம் உண்டு. போன முறை மசோதாவுக்காக, மீட்டர் பார்க்கும்போதே ஒரு தெருவில் ஐம்பத்து மூன்று பேரிடம் ஆதரவுக் கையெழுத்து வாங்கினார். அதில் ஒருவர், கையெழுத்துப் போடாவிட்டால் அளவைக் கூட்டி எழுதிவிடுவாரோ என்று பயந்து போட்டதாகப் புகார் கொடுத்தார். ஐம்பத்து மூன்றும் செல்லாமல் போயின. மேலதிகாரியின் திட்டுகூட மறந்துவிட்டது. ஒரு மனிதர் தன்னைப் பார்த்துப் பயந்தார் என்பதுதான் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது கையெழுத்தே கேட்பதில்லை. “உங்க கண்ணால பாத்தது ஒண்ண எழுதிக் குடுங்க, போதும்” என்கிறார். சலவைக் கடைக்காரர் எழுதியது இது: ‘வருடத்தில் ஒரு நாள் என் கடை வாசலில் ஆமை ஒன்று கடந்து போகும். அன்று கடையைத் தாமதமாகத் திறப்பேன்.’ இப்படி நானூறு கடிதங்கள் உறுப்பினருக்குப் போயிருக்கின்றன. உறுப்பினரைத்தான் பார்க்க முடியவில்லை. பதினான்கு மாலைகள் அவர் வீட்டுக்குப் போயும் காவலாளி, ஐயா ஓய்வில் இருக்கிறார் என்றே சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மசோதாவுக்கு மறுபடியும் வாக்கெடுப்பு. அந்த வாரத்துப் புதன்கிழமை அளவெடுக்க வேண்டிய தெருவில் உறுப்பினரின் வீடும் இருந்தது. சைக்கிள் கடை வைத்திருக்கும் கணவர் காலையிலேயே ஆரம்பித்தார்.

“சாயங்காலம் தொறக்காத கதவு பகல்ல தானா தொறக்குது. இன்னிக்கு ஒரு நாள் அந்தத் தொப்பிய என்கிட்ட குடுத்துட்டுப் போயேன்.”

“நீங்களே போட்டுக்குங்க. வழுக்கையாவது மறையும்” என்று சொல்லிவிட்டுத் தொப்பியோடுதான் போனார்.

கதவு திறந்தது. தோட்டத்து மூலையில் மூடியைத் தட்டித் தூக்கினார். மீட்டர் கண்ணாடியின் மேலேயே ஒரு தவளை அசையாமல் உட்கார்ந்திருந்தது. பேப்பரும் கையுமாக வந்த உறுப்பினர் குனிந்து பார்த்தார். தன் வீட்டில் இப்படி ஒருவர் குடியிருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பிறகு நிமிர்ந்தார்.

“இந்த லெட்டர் எல்லாம் எழுத வைக்கிறது நீங்கதானே? அந்த ஆமைக்காரர் லெட்டர நான் ரெண்டு தடவ படிச்சேன். சொல்லுங்க, என்னதான் வேணும்?”

பதினான்கு மாலைகளாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த பேச்சு முழுவதும் மீட்டரக்காவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“இப்ப டியூட்டில இருக்கேன் சார். ஆறு மணிக்கு மேல வந்து சொல்றேன்.”

“நானே கேக்கறேனே.”

“நீங்க கேக்கறீங்க சார். மீட்டர் பாக்க வந்தவ சொல்லிக் குடுத்தான்னு நாளைக்கு இன்னொருத்தர் எழுந்து சொல்லுவார். ஏற்கெனவே ஒரு தெருவையே தொலைச்சவ நான்.”

உறுப்பினர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்தார். சாயங்காலம் ஆறரைக்கு வண்டி கிளம்பிவிடும், அதன்பிறகு ஓட்டுப் போட்ட பின்தான் திரும்புவேன் என்றார். மீட்டரக்கா தவளை குதித்து இறங்கும்வரை காத்திருந்து, எண்ணைக் குறித்து, மூடியை மூடினார். மீதி அறுபத்தோரு வீடு இருந்தது. இது நேர்மையா, பயமா என்று பின்னால் கேட்டதற்கு, “பாதி பயம், பாதி ரோசம். எது எவ்வளவுன்னு எனக்கே தெரியல” என்றார்.

கடைசி மூடியை மூடிவிட்டு அவர் உறுப்பினர் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஆறுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அவர் போனில் சொல்லியிருந்தபடி கணவர் கடையைப் பூட்டிவிட்டுப் பதினோரு நோட்டையும் துணிப்பையில் போட்டு எடுத்துவந்து வாசலில் நின்றார். காவலாளி கேட்டை அகலத் திறந்து, “உள்ள வாங்கக்கா, ஐயா காத்துக்கிட்டிருக்கார்” என்றார். உள்ளே காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “போயேன், யாரு பாக்கப் போறாங்க” என்று கணவர் முணுமுணுத்தார். மீட்டரக்கா பையை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓரமாக நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நிமிடமும் நின்றார். முள் ஆறைத் தொட்டதும் தொப்பியைக் கழற்றிக் கணவரின் கையில் கொடுத்துவிட்டு, திறந்தே கிடந்த கேட்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.